மழையில் நடந்தவர்களை எழுதிய ரொறன்ரோ நிருபர்

ஏர்னெஸ்ட் ஹெமிங்வே: ஒரு நினைவுக் கட்டுரை

1961 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 2 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை, அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலுள்ள கெச்சம் என்னும் மலைப் பட்டணத்தில், நாவலாசிரியர் ஏர்னெஸ்ட் ஹெமிங்வே தம் வீட்டில் தம் கையாலேயே உயிர் துறந்தார். அவரது 62 ஆவது பிறந்த நாளுக்கு அப்போது இன்னும் பத்தொன்பது நாட்களே இருந்தன. 1953 இல் புலிற்சர் பரிசும், 1954 இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசும் பெற்று, உலகெங்கும் வாசிக்கப்பட்ட ஒருவரின் முடிவு அவ்வாறு அமைந்தது.

அவரை நினைவுகூர்வோர் பெரும்பாலும் சில சித்திரங்களையே திரும்பத் திரும்ப வரைவர். ஸ்பெயின் தேசத்துக் காளைப் போர், ஆபிரிக்கக் காடுகளில் வேட்டை, கியூபாக் கடலில் பெருமீன் பிடித்தல், நான்கு திருமணங்கள், இரு விமான விபத்துக்களில் உயிர் தப்பித் தம் மரணச் செய்தியைத் தாமே பத்திரிகைகளில் வாசித்தமை என்று அவரது வாழ்வே ஒரு கதையாகிவிட்டது. தமிழ் வாசகர்களுக்கு அவர் முதலில் கடலோடு போராடிய ஒரு கிழவனின் கதையைச் சொன்னவர். அந்தக் குறுநாவலைச் ச. து. சு. யோகியார் 'கடலும் கிழவனும்' என்று தமிழாக்கினார். பிற்காலத்தில் எம். எஸ். அவர்களின் மொழிபெயர்ப்பில் 'கிழவனும் கடலும்' வந்தது. வலையும் வள்ளமும் அறிந்த கரையோர மக்களாகிய எமக்கு அக்கிழவன் அந்நியனாகத் தோன்றவில்லை.

ஆயினும், ரொறன்ரோ மாநகரின் கிழக்கே வோபர்ன் பகுதியில் குடியேறி வாழும் எம்மைப் போன்றோருக்கு மிக நெருக்கமான ஹெமிங்வே வேறொருவர். அவர் இந்நகரத்துப் பத்திரிகையொன்றின் நிருபர். வயது 23. அகதிகள் நடந்துசென்ற வீதியொன்றில், மழையில் நனைந்தவாறு, அவர்களோடு தாமும் சில மைல்கள் நடந்தவர். அவரைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

இந்நகரத்தில் அவர்

வோபர்னில் மார்க்கம் வீதியிலிருந்து பஸ் ஏறி வார்டன் நிலையத்துக்குச் சென்று, அங்கிருந்து நிலக்கீழ் ரயிலில் மேற்கே போய், மாறி ஏறி, பாதர்ஸ்ற் வீதியை அடைவதற்கு ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். அவ்வீதியில் 1599 ஆம் இலக்கத்தில் செங்கல்லாலான பழைய மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதன் அடுக்கு ஒன்றிலே 1923 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஹெமிங்வே தம் மனைவி ஹாட்லியுடன் குடியிருந்தார். அவர்களின் மகன் அவ்வாண்டு ஒக்டோபர் 10 ஆம் திகதி இந்நகரத்து வெல்லஸ்லி மருத்துவமனையில் பிறந்தான். பிள்ளை பிறந்த வேளையில் தந்தை ஊரில் இல்லை. பத்திரிகை வேலையாக வெளியூர் சென்று ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தார். வேலைக்காகப் பிள்ளைப்பேற்றைத் தவறவிட்ட தந்தையர் எமது சமூகத்திலும் எத்தனையோ பேர். இந்தச் செய்தியை வாசித்தபோது அவர்களின் முகங்களே எமக்கு நினைவில் வந்தன.

அவர் ரொறன்ரோவுக்கு முதலில் வந்தது 1920 ஜனவரியில். முதலாம் உலகப் போரில் செஞ்சிலுவைச் சங்கத்து அம்புலன்ஸ் ஊழியராக இத்தாலிக்குச் சென்று, 1918 ஜூலை 8 ஆம் திகதி படுகாயமுற்று மீண்ட இளைஞர் அவர். இங்கு செல்வந்தர் வீடொன்றில் அவ்வீட்டு மகனுக்குத் துணையாகத் தங்கியிருந்த காலத்தில், 'ரொறன்ரோ ஸ்ரார்' நிறுவனத்தின் வார இதழுக்குக் கட்டுரைகள் எழுதத் தொடங்கினார். 1921 டிசெம்பரில் அதே பத்திரிகையின் ஐரோப்பிய நிருபராகப் பரிஸ் சென்றார். 1923 செப்ரெம்பரில் திரும்பி வந்தவருக்கு இங்கத்தைய பத்திரிகை அலுவலகம் ஒத்துவரவில்லை. தம் மேலாசிரியரோடு முரண்பட்டு, 1924 ஜனவரியில் கைக்குழந்தையுடன் பரிஸ் திரும்பினார். இந்த நான்கு ஆண்டுகளில் அவர் ஸ்ரார் பத்திரிகைகளுக்கு எழுதிய கட்டுரைகள் 170க்கும் மேற்பட்டவை. அவற்றின் தொகுப்பு 1985 இல் நூலாக வெளிவந்தது. எமது அயலிலுள்ள நூலகத்திலிருந்து அந்நூலைக் கேட்டுப் பெற்று வாசித்தபோதுதான் 1922 ஒக்டோபர் 20 ஆம் திகதிய கட்டுரை எமது கண்ணிற் பட்டது.

மரிட்சா ஆற்றுப் பாலம்

அக்கட்டுரையின் பின்னணியைச் சுருக்கமாகக் கூறவேண்டும். முதலாம் உலகப் போரின் பின்னர் கிரேக்கமும் துருக்கியும் மூன்றாண்டுகள் போரிட்டன. கிரேக்கப் படை தோற்றது. 1922 ஒக்டோபர் 11 ஆம் திகதி முடான்யா என்னும் ஊரில் போர்நிறுத்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி கிழக்குத் திரேஸ் என்னும் பிரதேசத்தைத் துருக்கியிடம் ஒப்படைத்து, பதினைந்து நாட்களுக்குள் கிரேக்கப் படை வெளியேற வேண்டும். படை வெளியேறப் போகிறது என்ற செய்தி பரவியதும் அங்கு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கிறிஸ்தவக் குடியானவர்களும் வண்டிகளைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். அவ்வாறு வெளியேறியோர் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர்.

மலேரியாக் காய்ச்சலோடு கொன்ஸ்தாந்திநோபிளிலிருந்து ரயிலேறிய ஹெமிங்வே, இன்று எடிர்னே என வழங்கும் அட்றியானோப்பிள் நகரில் இறங்கினார். மரிட்சா ஆற்றுப் பாலத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த மக்கள் வரிசையை அங்கு கண்டார். மாடுகளும் எருமைகளும் இழுத்த வண்டிகள். வண்டிகளில் அவசரத்தில் ஏற்றிய வீட்டுச் சாமான்கள். தலையிற் போர்வையைப் போட்டுக்கொண்டு வண்டிகளின் அருகே நடந்த ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும். கோழியைத் தூக்கிச் சென்ற ஒருவர். ஒரு வண்டியில் பிரசவ வேதனையில் ஒரு பெண். மழை அவள்மேல் விழாதிருக்கக் கணவன் போர்வையை விரித்துப் பிடிக்கிறான். அந்த ஊர்வலத்தில் குரலெழுப்பியவள் அவள் ஒருத்தியே. அதைக் கண்டு அவளது சிறுமகள் அஞ்சி அழத் தொடங்குகிறாள். வரிசை நிற்கவில்லை, நகர்ந்துகொண்டே இருக்கிறது.

ரொறன்ரோ வாசகர்கள் தங்கள் தேநீரோடு வாசித்த செய்தி இது. எழுதியவர் அழவுமில்லை, வாசகரை அழச் சொல்லவுமில்லை. பாவம், கொடுமை, அவலம் என்ற சொற்களை அடுக்கவுமில்லை. எவற்றைக் கண்டாரோ அவற்றை எண்ணிச் சொன்னார். அவ்வளவே. நவம்பர் 14 ஆம் திகதி வெளியான இன்னொரு கட்டுரையிலும் அதே வீதிக்கு மீண்டார்.

அப்போது நடந்தவர்கள் திரும்பி வீடு செல்லவில்லை. 1923 ஜனவரி 30 ஆம் திகதி லொசான் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை மக்களையே பரிமாறிக்கொள்ள வகை செய்தது. ஏறத்தாழ 12 இலட்சம் கிரேக்கக் கிறிஸ்தவர்கள் ஒரு திசையிலும், ஏறத்தாழ நான்கு இலட்சம் முஸ்லிம்கள் மறு திசையிலும் தத்தம் ஊர்களை நிரந்தரமாக இழந்தார்கள். ஹெமிங்வே கண்டு எழுதியது ஒரு திசையில் நடந்தவர்களை மாத்திரமே.

செம்மணி வீதி

இக்கட்டுரையை வாசிக்கும் யாழ்ப்பாணத்தவர் எவருக்கும் அடுத்த நினைவு தானாகவே வரும். எழுபத்து மூன்று ஆண்டுகளின் பின்னர், அதே ஒக்டோபர் மாதத்தில், அதேபோன்ற மழையில் எமது மக்களும் நடந்தார்கள்.

1995 ஒக்டோபர் 17 ஆம் திகதி இலங்கை இராணுவம் யாழ் குடாநாட்டைக் கைப்பற்றும் 'ரிவிரெச' நடவடிக்கையைத் தொடங்கியது. ஒக்டோபர் 30 ஆம் திகதி மாலை, வலிகாமம் முழுவதும் உடனே வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நான்கு இலட்சத்துக்கும் ஐந்து இலட்சத்துக்கும் இடைப்பட்ட மக்கள் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டார்கள். அதற்கு இருந்த வழிகள் செம்மணி, நாவற்குழி ஊடாகச் செல்லும் கண்டி வீதியும், கோப்பாயிலிருந்து கைதடிக்குச் செல்லும் வீதியும் ஆகும். சில கட்டைத் தூரத்தைக் கடப்பதற்குச் சிலருக்கு ஓர் இரவு முழுவதும் பிடித்தது. சைக்கிள்களும் மாட்டு வண்டில்களும் லாண்ட்மாஸ்ரர்களும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. முதியோரைக் கதிரையில் வைத்துச் சுமந்தார்கள். குடையை மறித்துப் பிடித்து மழைநீரை ஏந்திப் பிள்ளைகளுக்குப் பருக்கினார்கள்.

அவ்வீதியில் ரொறன்ரோப் பத்திரிகையின் நிருபர் எவரும் நிற்கவில்லை. இராணுவச் செய்திகளுக்கு 1995 செப்ரெம்பர் முதல் தணிக்கை நடைமுறையில் இருந்தது. போர்முனைக்குச் சுயாதீனமான நிருபர்கள் செல்ல அனுமதி இருக்கவில்லை. உலகம் அதைப் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே அறிந்தது. அப்போதைய ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் பூட்ரோஸ் பூட்ரோஸ் காலி கவலை வெளியிட்டார். கொழும்பு அதை விரும்பவில்லை. அத்துடன் அச்செய்தி பழைய செய்தியாயிற்று.

எம்மவர்கள் இந்நாட்டுக் கரையை அடைந்தபோதும் நிலைமை அதுவே. 1986 ஓகஸ்ற் 11 ஆம் திகதி நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த தமிழ் அகதிகள் 155 பேரை மீனவர்கள் மீட்டனர். 2010 ஓகஸ்ற் மாதம் 'சன் சீ' என்னும் கப்பலில் 492 பேர் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தனர். இந்த எண்கள் பத்திரிகைகளில் உள்ளன. ஆனால் அவர்களின் பைகளுக்குள் என்ன இருந்தது என்பதை நாம் எத்தனை பக்கங்களில் வாசித்திருக்கிறோம்?

இவ்விடத்தில் ஒன்றை மறைத்துச் செல்வது முறையன்று. வலிகாமத்து மக்கள் புறப்படுவதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகள் முன்னர், 1990 இன் அதே ஒக்டோபர் 30 ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அம்மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் 70,000க்கும் அதிகம். அவர்களும் பிள்ளைகளைச் சுமந்துகொண்டுதான் நடந்தார்கள். லொசான் உடன்படிக்கையின் மறு திசையில் நடந்தவர்களைப் போல, எம்மவர் எழுத்தில் அவர்கள் மிக அரிதாகவே தென்படுகிறார்கள். எமது வீதியை எழுதப் புறப்படும் எவரும் அந்த வீதியையும் பார்த்தாக வேண்டும்.

இருபது மைலும் முப்பது மைலும்

ஹெமிங்வே அட்றியானோப்பிள் காட்சியைப் பத்திரிகைக் கட்டுரையோடு விட்டுவிடவில்லை. மாதங்கள் சில கழிந்ததும் அதை ஒரு பந்தி அளவுக்குச் சுருக்கி மீண்டும் எழுதினார். 1923 வசந்த காலத்தில் 'லிற்றில் றிவ்யூ' என்னும் சிற்றிதழ் அதை வெளியிட்டது. அவ்விதழுக்கு வைத்த பெயர் 'நாடு நீங்கியோர் இதழ்'. பரிஸ் நகரின் தேநீர்ச்சாலைகளில் தாமாகவே வந்து குடியிருந்த எழுத்தாளர்களையே அப்பெயர் குறித்தது என்பதை எண்ணுகையில் எமக்குச் சிறு நகைப்பும் வருகிறது. 1924 இல் பரிஸில் 170 பிரதிகள் மாத்திரம் அச்சிடப்பட்ட சிறு நூலிலும், 1925 இல் நியூயோர்க்கில் வெளியான 'எமது காலத்தில்' என்னும் கதைத் தொகுதியிலும் அப்பந்தி இடம்பெற்றது.

இரு வடிவங்களையும் அருகருகே வைத்து வாசித்தால் ஓர் எழுத்தாளனின் வேலை புலப்படும். போர்நிறுத்தம், அரசியல், காரணம் யாவும் நீங்கிவிட்டன. மழை, வண்டிகள், எருமைகள், பிரசவிக்கும் பெண் என்பவை மட்டும் எஞ்சின. இன்னும் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்திருக்கின்றன. பத்திரிகையில் போர்வையைப் பிடித்தவன் கணவன். இலக்கிய வடிவில் அழுதுகொண்டு அதைப் பிடிப்பவள் ஒரு சிறுமி. பத்திரிகையில் மக்கள் வரிசையின் நீளம் 20 மைல். இலக்கியத்தில் வண்டிகள் 30 மைலுக்கு நெருக்கியடித்து நிற்கின்றன.

முதல் மாற்றத்தை நாம் ஏற்கிறோம். சிறுமியின் கைக்குப் போர்வை மாறியதும் அக்காட்சி எமது நெஞ்சில் ஆழப் பதிந்துவிடுகிறது. கதைக்கு அந்த உரிமை உண்டு. இரண்டாவது மாற்றத்தில்தான் எமக்குத் தயக்கம். ஹெமிங்வே பத்து மைல்களைக் கூட்டியதால் எவருக்கும் தீங்கு நேரவில்லை. கிரேக்க அகதிகளின் கணக்கை எடுப்பதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். எமது நிலை அதுவன்று. எமது இறந்தோர், காணாமற்போனோர், இடம்பெயர்ந்தோர் என்ற எல்லாக் கணக்குகளும் இன்றும் வழக்கில் உள்ள கணக்குகள். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிந்த போரில் எத்தனை பொதுமக்கள் மாண்டார்கள் என்பதில் இன்றளவும் இணக்கமில்லை. நாம் ஒன்றைக் கூட்டிச் சொன்னால், மறுப்போர் எல்லாவற்றையும் தள்ளிவிட அதுவே போதும். ஆகவே எமது சாட்சியங்களை எழுதுவோர் 1922 இன் நிருபரையும் அவருக்குப் பின்வந்த கதாசிரியரையும் வேறு வேறு நாற்காலிகளில் இருத்தி வைக்க வேண்டும்.

அந்த வீதி அவரை விட்டு நீங்கவும் இல்லை. 1929 இல் வெளியான 'போரே, நீ போ' என்று நாம் பெயரிடக்கூடிய நாவலில், 1917 இல் கபொரெற்றோவிலிருந்து இத்தாலியப் படை பின்வாங்கும் காட்சி புகழ்பெற்றது. அப்பின்வாங்கல் நடந்தபோது ஹெமிங்வே இத்தாலியில் இருக்கவேயில்லை. கன்சாஸ் நகரில் பயிற்சி நிருபராக இருந்தார். மழையும் சேறும் நகராத வண்டிகளும் நிறைந்த அந்த அத்தியாயங்களில், அவர் தம் கண்ணாற் கண்ட திரேஸ் வீதியே இருக்கிறது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஓர் இரவு நடந்த வீதி ஒரு மனிதனோடு எத்தனை ஆண்டுகள் கூடவே நடக்கும் என்பதை வோபர்னில் வாழும் எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு சம்பவமும் நினைவுக்குரியது. 1922 டிசெம்பரில் ஹாட்லி, கணவரின் கையெழுத்துப் பிரதிகள் ஏறக்குறைய அனைத்தையும் ஒரு பெட்டியில் இட்டு, லொசானுக்குப் புறப்பட்டார். பரிஸ் லியோன் ரயில் நிலையத்தில் அப்பெட்டி களவு போயிற்று. ஓரிரு கதைகளே தப்பின. 1981 இல் 97,000 நூல்களோடு யாழ் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு ஒரு பெட்டி சிறிய இழப்பாகத் தோன்றலாம். ஆயினும் அந்த இளைஞர் அதன்பின் செய்தது கவனிக்கத்தக்கது. மறந்துபோகு முன் சின்னஞ்சிறு பந்திகளாக மீண்டும் எழுதத் தொடங்கினார். அட்றியானோப்பிள் பந்தியும் அவ்வாறு எழுதியவற்றில் ஒன்று.

பாலத்தருகே ஒரு முதியவர்

ஹெமிங்வே அகதிகளைப் பற்றி எழுதியவற்றுள் எமக்கு மிகவும் பிடித்தது 1938 மே மாதத்தில் வெளியான 'பாலத்தருகே முதியவர்' என்னும் சிறுகதை. இரண்டு பக்கக் கதை. ஸ்பெயின் உள்நாட்டுப் போர். எப்ரோ ஆற்றின் பாலத்தை மக்கள் கடந்துகொண்டிருக்கிறார்கள். 76 வயது முதியவர் ஒருவர் வீதியோரத்தில் அமர்ந்திருக்கிறார். பன்னிரண்டு கிலோமீற்றர் நடந்துவிட்டார். இனி நடக்க இயலாது. தம் ஊரில் அவர் பார்த்துவந்த பிராணிகள் இரண்டு ஆடு, ஒரு பூனை, நான்கு சோடிப் புறா. பூனை எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்கிறார். புறாக்கள் பறந்துவிடும். மற்றவற்றை நினைத்துத்தான் கலங்குகிறார். எதிரிப் படை நெருங்குவதையோ தம் உயிரையோ பற்றி அவருக்குப் பேச்சில்லை.

எமது கட்டடத்தில் வாழும் மூதாட்டி ஒருவருக்கு இக்கதையை ஒருநாள் மாலை தமிழிற் சொன்னோம். வலிகாமத்தில் தோட்டஞ் செய்த குடும்பத்தவர். 1995 இல் அந்த இரவு நடந்தவர்களில் ஒருவர். கதை முழுவதையும் மௌனமாகக் கேட்டிருந்துவிட்டு, "தம்பி, அந்த மனிசன் ஆட்டை அவிட்டு விட்டவரோ, கட்டினபடி விட்டிட்டு வந்தவரோ?" என்று கேட்டார்.

கதையில் அது சொல்லப்படவில்லை என்றோம்.

"நாங்கள் அவிட்டு விட்டிட்டுத்தான் வந்தனாங்கள். பசு படலையடி மட்டும் பின்னாலை வந்தது. கொட்டிலுக்கை கண்டு நிண்டு கத்தினவுடனை திரும்பிப் போட்டுது. நான் பிறகு திரும்பிப் பாக்கேல்லை."

அருகிலிருந்த அவரது மகனுக்கு அப்போது வயது பன்னிரண்டு. பசுவைப் பற்றி அவர் ஒருபோதும் கேள்விப்பட்டதில்லை. அந்த இரவில் நீங்கள் என்ன எடுத்துக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டோம். ஓர் உரப்பைக்குள் இரண்டு சேலை, காணி உறுதி, மகனின் பள்ளிக்கூடச் சான்றிதழ், ஓர் அலுமினியப் பானை என்று எண்ணிச் சொன்னார். பானை எதற்கு? "மழைத் தண்ணி பிடிக்கத்தான். அரிசி ஆர் கொண்டு வந்தது?"

அட்றியானோப்பிளில் அந்த நிருபர் தேடியது இத்தகைய சொற்களையே என்று எமக்குத் தோன்றியது. முப்பது ஆண்டுகளாக அவை இக்கட்டடத்துச் சமையலறையொன்றில் கேட்பாரின்றி இருந்திருக்கின்றன.

எழுதி வைக்க வேண்டியவை

எம்மவர்கள் எதுவும் எழுதவில்லை என்பது எமது குற்றச்சாட்டன்று. புலம்பெயர்ந்த எழுத்தாளர் 39 பேரின் கதைகளைத் தாங்கிய 'பனியும் பனையும்' 1994 இலேயே வெளிவந்தது. இந்நகரத்திலிருந்து எழுதும் தேவகாந்தன் 1981 முதல் 2001 வரையான எமது காலத்தைக் 'கனவுச்சிறை' என்னும் பெருநாவலாக்கினார். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' இணைய நூலகம் எமது அச்சுப் பிரதிகளைப் பேணி வருகிறது. ஆனால் அச்சேறாத நினைவுகளை எந்த நூலகமும் தானாகப் பேண இயலாது. 1995 இல் நாற்பது வயதாயிருந்தோர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். அன்று அறுபது வயதாயிருந்தோருட் பலர் இன்று எம்மோடில்லை. ஒவ்வொரு மாதமும் எமது பத்திரிகைகளின் மரண அறிவித்தல் பக்கத்தில் அந்த வீதியின் சாட்சிகள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டிருக்கிறார்கள்.

ஹெமிங்வேயின் குறைகள் பல. தற்பெருமை மிக்கவர், நண்பர்களைப் பகைத்தவர், இறுதியில் தம் மனத்தின் நோயை வெல்ல இயலாது போனவர். அவரைப் பின்பற்றுமாறு எவரையும் நாம் கூறமாட்டோம். அவரிடமிருந்து ஏற்கத்தக்கது 23 வயதில் அவர் கைக்கொண்ட ஓர் ஒழுங்கு. அழுகையை எழுதுமுன் போர்வையை எழுது. எத்தனை வண்டி, எந்த மிருகம், எந்த வீதி, எத்தனை மணிக்கு மழை தொடங்கியது என்று எழுது. மிகுதியை வாசிப்பவர் தாமே உணர்ந்துகொள்வார்.

எனவே இதை வாசிக்கும் அன்பர்களிடம் எமது வேண்டுகோள் ஒன்றே. உங்கள் வீட்டிலும் அந்த வீதியால் நடந்துவந்த ஒருவர் இருப்பார். அது செம்மணி வீதியாக இருக்கலாம். 1990 இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் நடந்த வீதியாக இருக்கலாம். 2009 இல் முல்லைத்தீவுக் கரையோரமாக இருக்கலாம். வார இறுதியில் ஒருநாள் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு அவர் அருகே அமருங்கள். என்ன துன்பப்பட்டீர்கள் என்று கேட்க வேண்டாம். அதற்கு அவர் பெருமூச்சையே விடையாகத் தருவார். என்ன எடுத்து வந்தீர்கள், எதை விட்டு வந்தீர்கள், யார் முன்னே நடந்தார், யார் பின்னே வந்தார் என்று கேளுங்கள். கூட்டாமலும் குறைக்காமலும், திகதியோடும் இடத்தோடும், அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தமிழ் எழுத வராத பிள்ளைகள் ஆங்கிலத்திலேனும் எழுதட்டும்.

நாம் குறிப்பிட்ட மூதாட்டியின் பேத்தி இந்த வேலையைத் தொடங்கிவிட்டாள். அவளது பயிற்சிக் கொப்பியின் முதற் பக்கத்தில் 1995 ஒக்டோபர் 30 என்ற திகதியும், அதன்கீழ் இரண்டு சேலை, காணி உறுதி, சான்றிதழ், பானை என்ற பட்டியலும் உள்ளன. அடுத்த வரியில் பசுவையும் கன்றையும் சேர்த்திருக்கிறாள்.